ஏரிக்கரை உயிர்கள் – 11: காராமையின் முதுகெலும்பு

மதுராந்தகத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், ஏரிக்கரையை ஒட்டியே சாலை ஓடும் இடங்கள் உண்டு. ஒரு பக்கம் கரை, அதற்கப்பால் தண்ணீர், மறுபக்கம் கழனி. ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்திருந்த காலை. தார்ச்சாலையின் நடுவில் கருப்பாக ஏதோ கிடந்தது. டயர்த் துண்டு என்று நினைத்து ஒதுங்கிப் போனேன். பத்தடி தாண்டிய பிறகுதான் அதற்குக் கால் இருந்தது மனதில் உறைத்தது.

காராமை. ஒரு சாண் நீளம். முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்புகள். நடு வரம்பிலிருந்து வலது பின்பக்க விளிம்பு வரை ஓடு பிளந்து, ஒரு சில்லு உள்ளே அமுங்கியிருந்தது. பிளவில் ரத்தம். அதன் மேல்முனையில் சின்னச் சின்னக் குமிழிகள் தோன்றி உடைந்துகொண்டிருந்தன. அந்தக் குமிழிகளைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டுக்கு நேர் கீழே ஒட்டினாற்போல் இருக்கிறது. குமிழி வருகிறது என்றால் விரிசல் அதுவரை போயிருக்கிறது.

டிவிஎஸ்ஸில் பால் கேன் ஏற்றிப் போன பெரியவர் நிறுத்தினார். "செத்துப்பூட்ச்சும்மா அது. ஏரில உட்டுட்டுப் போ, தண்ணில கெடந்தா பொயச்சாலும் பொயச்சிக்கும்" என்றார். அவர் சொன்னதில் கருணைதான் இருந்தது. ஆனால் அந்தக் கருணை அதைக் கொன்றிருக்கும். பிளந்த ஓட்டோடு தண்ணீரில் விட்டால், பிளவின் வழியாக நீர் நுரையீரலுக்குள் இறங்கும். நீரிலேயே வாழ்கிற உயிர் நீரில் மூழ்கிச் சாகும்.

செத்துவிட்டது என்று அவ்வளவு சீக்கிரம் சொல்லவும் முடியாது. ஆமையின் உடலில் எல்லாமே மெதுவாக நடக்கும். அசையாமல், மூச்சு விடுவதே தெரியாமல் மணிக்கணக்கில் கிடக்கும். உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருக்கும்.

ஆமை ஓட்டுக்குள் குடியிருக்கிறது என்றே சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். நத்தைக்கும் ஆமைக்கும் ஒரே கணக்குப் போட்டுவிடுகிறோம். ஆமை ஓடு வீடு அல்ல. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று ஒன்றோடொன்று பிணைந்துதான் அந்த ஓடு ஆகியிருக்கிறது. மேலே தெரியும் பளபளப்பான தகடுகள் நம் நகம் போன்ற பொருள். அதன் அடியில் இருப்பது உயிருள்ள எலும்பு, ரத்தம் ஓடுகிற, வலி தெரிகிற எலும்பு. நம் தோள்பட்டை விலா எலும்புக் கூட்டுக்கு வெளியே இருக்கிறது. ஆமைக்கு மட்டும் அது கூட்டுக்கு உள்ளே. சாலையில் ஓடு உடைந்து கிடக்கும் ஆமை, விலாவும் முதுகும் முறிந்து கிடக்கும் ஆமை. இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், அதை எப்படித் தூக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். வாலைப் பிடித்துத் தூக்க மாட்டோம். கவிழ்த்துப் போட மாட்டோம். இரண்டு கையாலும் பக்கவாட்டில் பிடித்து, தரையோடு தரையாகத் தூக்குவோம்.

தூக்கும்போது அடிப்பக்கம் பார்த்தேன். தட்டையாக இருந்தது. ஆணுக்கு அங்கே சற்றுக் குழிந்திருக்கும். இவள் பெண்.

வண்டியில் காய்கறி வாங்கப் பயன்படும் அட்டைப்பெட்டி இருந்தது. ஈரத் துண்டை விரித்து அவளை வைத்தேன். கிளம்புமுன் இடத்தைக் குறித்துக்கொண்டேன்: மதகுக்கு வடக்கே மூன்றாவது பனை, அதற்கு நேர் எதிரே. தலை கழனிப் பக்கம் பார்த்திருந்தது என்பதையும் எழுதினேன். பிழைத்தால் அவளைத் திரும்ப விட வேண்டியது அந்த ஏரியில்தான். எங்கே இரை, எங்கே சேறு, வறண்ட மாதத்தில் எங்கே ஒதுங்குவது என்று ஆண்டுக்கணக்கில் பழகிய நீர்நிலை அது. 'நல்ல பெரிய ஏரியாகப் பார்த்து' விடுகிறவர்களை எனக்குத் தெரியும். விடப்பட்ட ஆமை பழைய இடத்தைத் தேடி மறுபடி நடக்கும். மறுபடி சாலை வரும்.

வனத்துறைக்குச் சொன்னேன். பிறகு சென்னையில் ஊர்வன உயிர்களைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரைக் கைப்பேசியில் பிடித்தேன். அவர் சொன்னவற்றில் பாதி, செய்யக் கூடாதவை. தீனி வைக்காதீர்கள். பசை போட்டு அடைக்காதீர்கள், அழுக்கு உள்ளேயே தங்கிச் சீழ் பிடிக்கும். பிளவுக்குள் எதையும் ஊற்றாதீர்கள். சுற்றிலும் மட்டும் சலைன் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஈ உட்காராமல் மெல்லிய துணி போட்டு மூடுங்கள். இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள்.

கடைசியாக ஒன்று சொன்னார். "புழு வெச்சுடுமோன்னு பயந்து யாராவது மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டினைப் போட்டுடப் போறாங்க. விடாதீங்கம்மா. ஆமைக்கு அது விஷம்."

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கிராமங்களில் அடிபட்ட எந்த உயிருக்கும் முதலில் கைகொடுப்பவர் மாட்டு வைத்தியம் தெரிந்தவர்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் கூடக் கைகண்ட மருந்து அது. ஆமையின் நரம்பு மண்டலத்தை அது செயலிழக்கச் செய்து கொன்றுவிடும். நல்ல எண்ணத்தோடு போட்ட ஒரே ஊசி போதும்.

மதியம் மருத்துவரிடம் சேர்த்தோம். குமிழிகளைப் பார்த்தார், நான் பயந்த அளவு அவர் பயப்படவில்லை. நமக்கு நெஞ்சில் ஓட்டை விழுந்தால் நுரையீரல் சுருங்கிப்போகும். ஆமை நம்மைப் போல் விலாவை விரித்து மூச்சு வாங்குவதில்லை, விலாதான் ஓடாகிவிட்டதே. வயிற்றுத் தசைகளையும் கால்களின் அசைவையும் கொண்டே காற்றை இழுத்து விடுகிறது. அதனால் ஓடு திறந்திருந்தாலும் மூச்சு ஓடும். பயப்பட வேண்டியது கிருமிக்குத்தான் என்றார்.

வலிக்கு ஊசி போட்டு, நெடுநேரம் கழுவிச் சுத்தம் செய்தார். அமுங்கிய சில்லை மெல்ல நெம்பி மேலே கொண்டுவந்தார். பிறகு ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே ஜாக்கெட்டுக்குத் தைக்கிற கொக்கிகள்! பிளவின் இரு கரையிலும் நல்ல ஓட்டின் மேல் கொக்கிகளை ஒட்டி, கம்பியால் எதிரெதிரே இழுத்து முறுக்கினார். பிளவு மூடிக்கொண்டது, ஆனால் கழுவவும் மருந்து போடவும் வழி இருந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மீட்பு மையம் 2019-இல், பழைய உள்ளாடைகளின் கொக்கிகளை அனுப்பச் சொல்லிப் பெண்களைக் கேட்டது இதற்காகத்தான். நான் படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். மறுவாரம் எங்கள் தையல்காரரிடம் இரண்டு அட்டைக் கொக்கி வாங்கிக் கொடுத்தேன்.

கிருமிக்கான ஊசி, முன்கால் தசையில், மூன்று நாளைக்கு ஒருமுறை. நமக்கு ஒரே நாளில் வெளியேறிவிடும் மருந்து, ஆமையின் உடலில் மூன்று நாள் நிற்கிறது. எலும்பு கூடுவதும் அப்படித்தான், மாதக்கணக்கில். ஊசி நாட்களில் பஸ் ஏறிப் போய் வந்தேன்.

முதல் எக்ஸ்ரேயிலேயே ஒன்று தெரிந்திருந்தது. முறிவைப் பார்க்க எடுத்த படத்தில், இடுப்புக்கு முன்னால் நான்கு வெள்ளை நீள்வட்டங்கள். முட்டைகள். மழையில் மண் இளகியதும், நீர் ஏறாத மேட்டைத் தேடி அவள் ஏரியை விட்டு இறங்கியிருக்கிறாள். கழனிப் பக்கம் திரும்பியிருந்த தலைக்கு அதுதான் அர்த்தம். முட்டையை வெளியேற்ற ஊசி இருக்கிறது. இடுப்பு அடிபட்டிருப்பதால் அவசரப்பட வேண்டாம், அவளாகவே இடட்டும் என்று மருத்துவர் முடிவு செய்தார். தொட்டியின் பாதியில் ஈரமணலைக் குவித்து வைத்தார்.

பத்தொன்பதாம் நாள் மாலை நான் அங்கே இருந்தேன். மணல் மேட்டில் ஏறி, திரும்பி நின்று, பின்கால்களால் தோண்ட ஆரம்பித்தாள். இடது கால் ஒரு பிடி மண்ணை அள்ளி ஓரமாக வைக்கும். அடுத்தது வலது காலின் முறை. அடிபட்ட பக்கம் அது; மண்ணுக்கு எட்டவில்லை. ஆனாலும் அந்தரத்தில் ஒருமுறை வாரிவிட்டு, அள்ளிய மண்ணை வைப்பது போலவே ஓரத்தில் வைத்தது. பிறகுதான் இடது கால் அசைந்தது. ஒன்று விட்டு ஒன்று, முறை மாறவே இல்லை. குழி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

நான்கு முட்டைகள். அவள் மண்ணை மூடிவிட்டு இறங்கும்வரை நாங்கள் பேசவில்லை. பிறகு மருத்துவர் விரலால் மணலை விலக்கி, ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். ஆமை முட்டையை இடம் மாற்றும்போது புரட்டிவிடக் கூடாது. உள்ளே ஒட்டிக்கொள்ளும் கரு அறுந்துபோகும். புள்ளி மேலே இருக்கும்படியே ஒவ்வொன்றாக எடுத்து, மணல் நிரப்பிய டப்பாவில் இறக்கினார்.

(தொடரும்)