டம்டம் – பாக்டோக்ரா: வானில் ஒரு மணி, வழியில் ஐந்து மணி

கொல்கத்தாவின் டம்டமில் உள்ள நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமான நிலையத்துக்கும், சிலிகுரியை அடுத்த பாக்டோக்ராவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணியைச் சற்றே தாண்டும். டார்ஜிலிங், காங்டாக் பயணங்களைத் திட்டமிடும் வாசகர்கள் பலர் இந்த ஒரு மணியை மட்டுமே கணக்கில் கொள்கின்றனர். வாசல் முதல் வாசல் வரை எண்ணிப் பார்ப்பதே முறை என்பது நம் கருத்து.

தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து டம்டம் செல்ல ஒரு மணி நேரமேனும் ஒதுக்க வேண்டும். விமானம் புறப்படுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி முன்னதாக அங்கே இருத்தல் நலம். பாக்டோக்ராவில் இறங்கிப் பெட்டிகளைப் பெற்று சிலிகுரி நகருக்குள் சேர மேலும் ஒரு மணி. ஆக, ஐந்து மணி நேரம் கழிந்துவிடுகிறது. ஹவுராவிலிருந்து நியூ ஜல்பைகுரி செல்லும் வந்தே பாரத் ரயில் சுமார் ஏழரை மணி நேரத்தில் சேர்கிறது. வீட்டிலிருந்து ரயிலடி செல்லும் நேரத்தையும் கூட்டினால் ஒன்பது மணிக்குள் அடங்கும். எனவே விமானம் உண்மையில் மிச்சப்படுத்துவது நான்கு மணி நேரம். நால்வர் கொண்ட குடும்பம், கட்டண வேறுபாட்டை இந்த நான்கு மணியோடுதான் ஒப்பிட வேண்டும். இரவு முழுவதும் உறங்கிக்கொண்டே செல்லும் டார்ஜிலிங் மெயிலோடு ஒப்பிட்டால், பகற்பொழுது எதுவும் வீணாவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இருப்புப் பாதை இவ்வளவு சுற்றிச் செல்வதற்கு வரலாறே காரணம். பிரிவினைக்கு முன் டார்ஜிலிங் மெயில் சியால்தாவிலிருந்து புறப்பட்டு, 1915-இல் திறக்கப்பட்ட ஹார்டிஞ்ச் பாலத்தில் பத்மா நதியைக் கடந்து, இன்றைய வங்கதேசத்தின் வழியே சிலிகுரியை அடைந்தது. 1947-க்குப் பின் அவ்வழி அறுபட்டது. பயணிகள் கங்கைக் கரையில் இறங்கி, நீராவிப் படகில் மறுகரை சேர்ந்து, வேறு ரயில் ஏறினர். பரக்கா அணையின் மீது ரயில் ஓடத் தொடங்கிய 1970-களில்தான் அத்துயரம் தீர்ந்தது. ஆகாயத்தில் நேர்கோடு இன்றும் வங்கதேச எல்லையைத் தொட்டுத்தான் செல்கிறது.

துர்காபூரை ஒட்டிய அண்டாலில் உள்ள காஜி நஸ்ருல் இஸ்லாம் விமான நிலையத்தின் கதை வேறு. டம்டமிலிருந்து நேர்கோட்டில் 165 கிலோமீட்டர் அளவே. விரைவு ரயில் இரண்டு மணி நேரத்தில் துர்காபூரை எட்டிவிடும். இவ்வளவு குறுகிய தொலைவுக்கு விமானத்தை நாடுவதில் பொருளில்லை. தில்லி போன்ற தொலைதூர நகரங்களுக்குச் செல்வோர்க்கே அண்டால் பயன்படுகிறது.

சென்னையிலிருந்து கொல்கத்தாவில் விமானம் மாறிப் பாக்டோக்ரா செல்வோர் இரு கட்டங்களையும் ஒரே முன்பதிவில் பெறுதல் நன்று. தனித்தனியே வாங்கிய சீட்டுகளில் முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், அந்த நிறுவனம் உங்களை வராதவராகவே கருதும். புதுச்சீட்டின் செலவு உங்களுடையது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனியால் தாமதங்கள் மிகுதி. திரும்பும்போதும் டார்ஜிலிங்கிலிருந்து பாக்டோக்ராவுக்கு மலைப்பாதையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்; மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. அக்காலத்தில் முதல் நாள் இரவே சிலிகுரிக்கு இறங்கித் தங்கிவிடுவது, விடுதி வாடகையோடு முடிந்துபோகும் செலவு.