காமரா உள்ளும் கேமராவும்: பழைய அறைகளைப் பதிவு செய்வோம்

தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில் படுக்கையறையைக் ‘காமரா உள்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. காமரா என்பது போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அறை என்று பொருள். அதன் மூலமான லத்தீன் சொல்லிலிருந்தே ‘கேமரா’ என்ற பெயரும் வந்தது. இருட்டறைச் சுவரின் சிறுதுளை வழியே வரும் ஒளி, வெளிக்காட்சியை எதிர்ச்சுவரில் தலைகீழாகக் காட்டும். படக்கருவியின் தொடக்கம் இதுவே. ஒளியியல் பாடத்தையும் வரலாற்றுப் பாடத்தையும் இணைத்து ஒரு செயல்பாடு நடத்த நமக்கு இது போதும்.

ஏன் இந்தப் பதிவு?

நீடாமங்கலத்துக்கு யமுனாம்பாள்புரம் என்றும் பெயர் உண்டு. மராத்தியர் காலத்து அரசி யமுனாம்பாளின் பெயரால் இங்கு சத்திரம் அமைந்தது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்கள் இத்தகைய சத்திரங்களில் இராத்தங்கினர். அரசர் கட்டியவை நூல்களில் இடம்பெற்றுவிட்டன. நம் மாணவர் வசிக்கும் தெருவிலுள்ள ஓட்டு வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. வீட்டைப் பிரிக்கும்போது தேக்குக் கதவும் தூணும் விலைக்குப் போகின்றன. பரண் எங்கே இருந்தது, தொட்டில் கட்டிய வளையம் எந்த உத்தரத்தில் இருந்தது என்பவை அன்றோடு மறைந்துவிடுகின்றன.

எடுக்கும் முறை

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளில் படுக்கையறைத் திரைச்சீலைகள் வெளுக்காதிருக்க வெளிச்சத்தைக் குறைத்தே வைப்பார்கள். நம் காமரா உள்ளிலும் சன்னல் சிறியது; வெளிச்சம் குறைவு. ஆனாலும் ஃபிளாஷ் வேண்டாம். அது சுவரின் மேடுபள்ளங்களையும் மரத்தின் செதுக்கு வேலையையும் தட்டையாக்கிவிடும். கைப்பேசியை முக்காலியின் மீது அசையாமல் சாய்த்து வைத்து, ‘டைமர்’ அமைத்து எடுத்தால் குறைந்த ஒளியிலும் படம் தெளிவாக வரும். வெயில் நேராகச் சன்னலில் விழாத நேரமே ஏற்றது.

கைப்பேசியை மேலும் கீழும் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் தூணும் கதவு நிலையும் சாயாமல் தெரியும். முதலில் ஒரு மூலையில் நின்று இரண்டு சுவர்கள் தெரிய ஒரு படம். பிறகு எதிர்மூலையிலிருந்து ஒன்று. அதன்பின் ஒவ்வொரு சுவருக்கும் நேராக ஒன்று. இறுதியாக மாடக்குழி, தாழ்ப்பாள் போன்ற நுண்பகுதிகள். இவற்றின் அருகே ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் அளவு புரியும். நீண்ட சுவரானால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியுமாறு எடுக்கலாம். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப்படமாக இணைத்தார்.

அழகுக்காக எதையும் நகர்த்தக் கூடாது. குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைப்பதும், கொடியில் தொங்கும் துணியை எடுப்பதும் பதிவைப் பொய்யாக்கும்.

வீட்டாரின் மதிப்பு

படுக்கையறை ஒரு குடும்பத்தின் அந்தரங்க இடம். ஆசிரியர் முதலில் தனியே சென்று கேட்க வேண்டும்; மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. நோயாளி படுத்திருக்கும் அறையும், பணமும் நகையும் வைக்கும் பெட்டியும் படத்தில் வரக் கூடாது. படங்களை முதலில் வீட்டாருக்குக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்பதை நீக்கிய பிறகே வகுப்பில் காட்ட வேண்டும். சமூக ஊடகத்தில் பகிர்தல் கூடாது.

படத்தோடு முடிவதில்லை

ஒவ்வொரு படத்துக்கும் நாள், அறை, பார்த்த திசை, எடுத்தவர் ஆகியவற்றை ஏட்டில் எழுதச் செய்யுங்கள். “இந்த அறையில் யார் படுத்தார்கள், யார் திண்ணையிலும் கூடத்திலும் படுத்தார்கள்?” என்று வீட்டுப் பெரியவரிடம் மாணவர் கேட்கட்டும். பெண்கள், பிள்ளைகள், வேலையாட்கள் ஆகியோருக்கு வீட்டில் எந்த இடம் இருந்தது என்பது அந்த விடையில் தெரியும். படத்தில் தெரியாத இந்தச் செய்தியையும் எழுதி வைத்தால்தான் பதிவு முழுமை பெறும். ஒரு படியை வீட்டாரிடம் கொடுங்கள். ஒரு படி பள்ளி நூலகத்தில் இருக்கட்டும்.