மணிமேகலையில் பூதவாதியின் மறுப்பும் சான்று குறித்த வினாவும்

ஆய்வுச்சுருக்கம்

சமய நம்பிக்கையும் நம்பிக்கை மறுப்பும் இன்று பெரும்பாலும் தனிமனிதக் கருத்துகளாகவே பேசப்படுகின்றன. ஒருவர் தம் கருத்தை மாற்றுக் கருத்துடையவர்முன் வைக்கும்போது எதனைச் சான்றாகக் காட்ட இயலும் என்ற வினா பின்தள்ளப்படுகிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதவாதிக்கும் மணிமேகலைக்கும் இடையே நிகழும் சுருக்கமான உரையாடல் இவ்வினாவையே மையமாகக் கொண்டுள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, பூதவாதம், உலகாயதம், அளவை, கண்கூடு, கருத்தளவு, மறுபிறப்பு.

முன்னுரை

தமிழில் நாத்திகம் என்றவுடன் இருபதாம் நூற்றாண்டின் சுயமரியாதை இயக்கமே நினைவுக்கு வரும். அதற்கு முன்னரே, 1882இல் தொடங்கிய தத்துவ விவேசினி இதழின் வழியாகச் சென்னை இலௌகிக சங்கத்தார் தம் மறுப்புக் கருத்துகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டனர். ஆனால் பூதவாதியோ உலகாயதரோ தம் கொள்கையைத் தாமே எழுதிவைத்த பழந்தமிழ் நூல் எதுவும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. பௌத்தக் காப்பியமான மணிமேகலை, சமண நூலான நீலகேசி, சைவ சாத்திரமான சிவஞானசித்தியாரின் பரபக்கம் ஆகியவை மறுத்துரைப்பதற்காக எடுத்துக்கூறிய பகுதிகளிலேயே அவர்தம் குரல் எஞ்சியுள்ளது. எதிர்த்தரப்பார் எழுதியது என்பதனால் அக்குரலை ஐயத்துடனேயே அணுக வேண்டும். எனினும் மணிமேகலையின் பகுதி, மறுப்பாளரை இழிவுபடுத்தாமல் அவருடைய வாதத்தின் அடிப்படையைத் தொடுகிறது. அதுவே இக்கட்டுரையின் ஆய்வுக்களம்.

பூதவாதியின் கொள்கை

வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயவாதியர் பலருடைய கொள்கைகளைக் கேட்டறிகிறாள். அளவைவாதியில் தொடங்கும் அவ்வரிசை பூதவாதியோடு முடிகிறது. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேரும்போது, தனித்தனிப் பொருள்களில் இல்லாத களிப்பு மதுவில் பிறப்பதுபோலப் பூதங்களின் கூட்டத்தால் உணர்வு தோன்றுகிறது என்பது அவனது விளக்கம். பூதங்கள் பிரியும்போது, பறையின் ஓசை தேய்ந்து மறைவதுபோல உணர்வும் மறைகிறது. உயிருள்ள பூதம், உயிரற்ற பூதம் என இருவகை கொள்வதைத் தவிரப் பிறவற்றில் தன் கருத்து உலகாயதத்தோடு ஒத்தது என்று அவன் கூறுகிறான். கண்கூடு ஒன்றே அளவை, கருத்தளவு நில்லாது. இன்பமும் துன்பமும் இப்பிறப்போடு முடிவன. மறுமையில் வினைப்பயன் துய்த்தல் என்பது பொய்.

இக்கொள்கையின் முழுச்சுமையும் ஓர் இடத்தில்தான் நிற்கிறது. கண்கூடு மட்டுமே அளவை என்பது நிலைபெறாவிடில், மறுமை பொய் என்னும் முடிவும் உறுதிப்பாட்டை இழக்கும்.

தன்னனுபவம் சான்றாகுமா?

முற்பிறப்பை அறிந்தோர் பற்றிய வினா நகைப்பினூடே எழுகிறது. தெய்வ மயக்கத்தாலோ கனவினாலோ மனம் திரிந்தோர் கொள்ளும் எண்ணமே அது என்று பூதவாதி தள்ளிவிடுகிறான். இங்கே காப்பியத்தின் முன்நிகழ்வை நினைவிற்கொள்ள வேண்டும். மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்ந்தவள் மணிமேகலை. காப்பியத்துக்குள் அது ஐயத்திற்கு இடமற்ற உண்மை. அவள் விரும்பியிருந்தால் தன் அனுபவத்தையே விரித்துரைத்திருக்கலாம். அவள் அவ்வாறு செய்யவில்லை. தனக்கு மெய்யானது மாற்றானுக்குச் சான்றாகாது என்பதை உணர்ந்தவள்போல், அவனும் மறுக்க இயலாத ஓர் எடுத்துக்காட்டிற்கு மாறுகிறாள். இன்னார்தாம் உன் தாய், தந்தை என்பதைக் கருத்தளவையால் அன்றி வேறெவ்வாறு அறிவாய் என்பதே அவள் வினா.

தன் பிறப்பைத் தானே கண்டவர் எவருமில்லை. பெற்றோர் சொல்லையும் சுற்றத்தார் சொல்லையும் ஒப்புமைகளையும் கொண்டு கருதியே ஒவ்வொருவரும் தம் பெற்றோரை அறிகின்றனர். பூதவாதியின் அன்றாட வாழ்வே அவன் மறுக்கும் அளவையின்மேல் நிற்கிறது என்பதை அவ்வினா காட்டிவிடுகிறது. காப்பியம் இதனை மேலும் கூர்மையாக்குகிறது. மணிமேகலை அவன்முன் நிற்பது தன் உருவில் அன்று, மாதவன் வடிவில். கண்கூட்டை மட்டும் நம்புபவன், தன் கண்முன் நிற்பவர் யார் என்பதையே அறியாதிருக்கிறான்.

ஐயமும் மறுப்பும்

இவ்வினாவால் மறுபிறப்பு நிறுவப்பட்டதா என்றால் இல்லை என்றே கூற வேண்டும். கருத்தளவை ஏற்கத்தக்கது என்பதே நிறுவப்பட்டது. மணிமேகலையும் அதற்குமேல் உரிமை கொண்டாடவில்லை. மெய்யுணர்வின்றி மெய்ப்பொருளை உணர்தல் அரிது; ஆதலின் ஐயுறலாமேயன்றிப் பொய்யென்று துணிந்து கூறலாகாது என்னும் பொருள்பட அவள் கூற்று முடிவதாகக் கொள்ளலாம். ஐயம் வேறு, மறுப்பு வேறு என்னும் பாகுபாடு இங்கே புலனாகிறது. 29ஆம் காதையில் அறவண அடிகள் கண்கூடு, கருத்தளவு என்னும் இரண்டையே அளவைகளாகக் கொள்வதும் கருதத்தக்கது. ஆகமம் அங்குத் தனி அளவையாக நிற்பதில்லை.

திருக்குறள் 850, உலகத்தார் உண்டென்பதை இல்லையென்பவன் பேயாகக் கருதப்படுவான் என்கிறது. அக்குறளில் கடவுள் என்ற சொல் இல்லை. கடவுளும் மறுபிறப்பும் இருவினைப்பயனும் அவ்வாறு உண்டெனப்படுபவை என்று விரித்தவர் பரிமேலழகர். அவ்வுரையின்படி மறுப்பாளன் மனிதக் கூட்டத்திற்கு வெளியே நிறுத்தப்படுகிறான். மணிமேகலையிலோ அவன் வினவத்தக்க மனிதனாகவே நிற்கிறான்.

முடிவுரை

இக்கட்டுரையாளர் மறுபிறப்பில் நம்பிக்கை உடையவர் அல்லர். ஆயினும் தம் நம்பிக்கையின்மை எந்த அளவையின்மேல் நிற்கிறது என்ற வினாவை இப்பகுதி அவர்முன்னும் வைக்கிறது. காணாததனால் இல்லை என்னும் வாதம் பெற்றோரைப் பற்றிய ஒரு வினாவின்முன் தளர்கிறது. கண்டேன், ஆதலால் உண்டு என்னும் வாதமும் அதைக் காணாத பிறரைக் கட்டுப்படுத்தாது. நம்புவோரும் மறுப்போரும் இருவர்க்கும் பொதுவான சான்றைத் தேடும் இடத்தில்தான் உரையாடல் தொடங்க இயலும். பிறப்பை உணர்ந்த ஒருத்தி, அவ்வுணர்வை வலியுறுத்தாமல் தன் எதிர்த்தரப்பான் ஏற்கக்கூடிய ஒன்றைத் தேடிச் சென்றாள் என்பதே இக்காதை இன்றைய விவாதங்களுக்குத் தரும் முறையியல்.