கதிர்ச் சிகிச்சையும் கபால அடித்தளமும்

நமது மூளையைத் தாங்கும் எலும்புத்தளத்தின் கீழ் நாசியறை அமைந்துள்ளது. அத்தளத்தில் தோன்றிய கட்டியை மூக்கின் வழியே அகற்றுங்கால் துவாரமொன்று உண்டாகும். அதனை நன்கு மூடாவிடின் மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கில் ஒழுகும். கிருமிகள் மேலேறி மூளையுறையைத் தாக்கும். 2006ஆம் ஆண்டில் அர்ஜென்டீனா தேயத்து வைத்தியர் ஹதாத், பாசகஸ்தெகி முதலியோர், நாசியின் நடுச்சுவர்ச் சவ்வை அதன் இரத்தக்குழாயோடு திருப்பி அத்துவாரத்தை மூடும் முறையை வெளியிட்டனர். இரத்தவோட்டமே அம்முறைக்கு உயிர்.

முன்னரே கதிர்ச் சிகிச்சை பெற்றோர்க்கு யாது நேரும் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது. கதிர்கள் புற்றை அழிப்பதோடு, அருகிலுள்ள சிறு இரத்தக்குழாய்களின் உட்சுவரையும் தடிக்கச் செய்கின்றன. நாளடைவில் அவை குறுகும், சவ்வும் இறுகும். நீரற்ற வயலில் நட்ட நாற்றுப்போல, ஒட்டிய சவ்வு பற்றாது வாடக்கூடும். ஆதலின் வைத்தியர், கதிர் படாத இடத்தினின்று, தலையோட்டின் மேற்சவ்வையேனும் தொடைச் சதையையேனும் அதன் இரத்தக்குழாயோடு கொணர்ந்து மூடுவதுண்டு.

எனவே, முன்பு பெற்ற கதிர்ச் சிகிச்சையை, அது பல்லாண்டுகட்கு முற்பட்டதாயினும், வைத்தியரிடம் மறவாது உரைத்தல் நம் கடனாகும்.