மூளைக்குள் பரவும் ஒரு வடிவம்

அல்சைமர் நோய் வந்த பெரியவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்: மறதி கண்டபடி வருவதில்லை. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம் நன்றாக நினைவிருக்கும். பிறகு சொல்ல வந்த சொல் கிடைக்காமல் தடுமாறுவார்கள், பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பார்கள். இன்னும் பின்னால், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார்கள். ஆளுக்கு ஆள் மாறினாலும் பெரும்பாலும் வரிசை இதுதான். இந்த வரிசை எங்கிருந்து வருகிறது? விடை தேட, டாவ் என்ற ஒரு புரதத்தின் கூடவே நாம் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

டாவ் என்பது நஞ்சு அல்ல. நம் எல்லோர் மூளையிலும் இப்போதும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு நரம்பு செல்லிலிருந்தும் ஆக்ஸான் என்ற நீண்ட கிளை ஒன்று கிளம்பி அடுத்த செல்லைத் தேடிப் போகிறது. அந்தக் கிளைக்குள் மிக மெல்லிய குழல்கள் ஓடுகின்றன. செல்லின் நடுவே தயாராகும் சரக்கெல்லாம் அந்தக் குழல்களைப் பற்றிக்கொண்டுதான் கிளையின் நுனி வரை போய்ச் சேர்கிறது. குழல்களோடு ஒட்டி நின்று அவை குலையாமல் பார்த்துக்கொள்வது டாவ். 1975-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இதைக் கண்டுபிடித்தபோது, குழல்கள் எப்படி உருவாகின்றன என்பதுதான் கேள்வி. அல்சைமர் பற்றிய பேச்சே இல்லை.

நோயில் என்ன நடக்கிறது? டாவ் மீது பாஸ்பேட் என்ற சிறு வேதித்துண்டுகள் அளவுக்கு மேல் ஒட்டுகின்றன. அந்த டாவ் குழலை விட்டு நழுவுகிறது. நழுவியது தவறாக மடிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, செல்லுக்குள் முறுக்கிய சிக்கலாகச் சேர்கிறது. 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையில் நுண்ணோக்கி வழியே பார்த்தது இந்தச் சிக்கல்களைத்தான். அவை டாவ் புரதத்தால் ஆனவை என்று தெரிய 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1991-ல் ஜெர்மனியின் ஹெய்க்கோ பிராக், ஈவா பிராக் தம்பதி, இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, சிக்கல்கள் சேரும் ஒழுங்கை ஆறு கட்டங்களாக வகுத்தார்கள். மூளையின் மேலுறையில் தொடக்கம், நெற்றிப்பொட்டுக்கு உட்பக்கம் உள்ள எண்டோரைனல் பகுதியில். அடுத்து, புது நினைவுகள் பதியத் தேவையான ஹிப்போகாம்பஸ். பிறகு மொழி, திசை, திட்டமிடல் ஆகியவற்றைக் கவனிக்கும் மேலுறைப் பகுதிகள். பார்வைக்கும் அசைவுக்கும் உரிய முதன்மை இடங்கள் கடைசியில். நாம் வீட்டில் பார்க்கும் வரிசை பெருமளவு இதுவேதான்.

இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் ஒரு தவறான படத்தை மனதில் வரைந்துகொள்கிறோம். ஏதோ கெட்ட பொருள் ஓரிடத்தில் ஊறி, பக்கத்து இடங்களுக்கு வழிந்து, மூளையை நிரப்புவதாக நினைக்கிறோம். சிலர் கிருமி என்றே எண்ணி, நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்குகிறார்கள். இரண்டுமே தவறு. இடம் மாறிப் போகும் பொருளின் அளவு மிகக் குறைவு. உண்மையில் பரவுவது தவறான ஒரு வடிவம்.

கற்கண்டு செய்வதை நினைத்துப் பாருங்கள். கெட்டியான பாகில் நூலைத் தொங்கவிடுகிறார்கள். அதில் ஒரு சிறு படிகம் உட்கார்ந்துவிட்டால் போதும். சுற்றியுள்ள பாகிலிருந்தே சர்க்கரை வந்து அதே ஒழுங்கில் அடுக்கிக்கொண்டு வளரும். அதில் ஒரு துணுக்கை உடைத்து வேறொரு சட்டிப் பாகில் போட்டால் அங்கேயும் கற்கண்டு வளரும். துணுக்கு கொண்டுபோனது ஓர் ஒழுங்கை மட்டுமே; சர்க்கரை அந்தச் சட்டியுடையது. டாவும் அப்படித்தான். தவறாக மடிந்த ஒரு துணுக்கு அடுத்த செல்லுக்குள் போனால், அங்கே அதுவரை ஒழுங்காக இருந்த டாவ் அதன் மேல் வந்து அடுக்கி, அதே வடிவத்துக்கு மாறுகிறது. இதற்கு உயிரோ கிருமியோ தேவையில்லை.

இதை 2009-ல் சுவிட்சர்லாந்து, பிரிட்டன் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். சாதாரண மனித டாவ் கொண்ட, சிக்கல்கள் உருவாகாத எலிகள் அவை. சிக்கல்கள் நிறைந்த வேறோர் எலியின் மூளைச் சாற்றைச் சிறிதளவு செலுத்தியதும், ஊசி போட்ட இடத்திலும் பிறகு தள்ளியிருந்த இடங்களிலும் டாவ் திரண்டது. அதே சாற்றிலிருந்து டாவை நீக்கிவிட்டுச் செலுத்தியபோது அப்படி நடக்கவில்லை. 2012-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், எண்டோரைனல் பகுதியில் மட்டும் மனித டாவ் உருவாகும்படி எலிகளை வளர்த்தன. அந்தப் பகுதியோடு நரம்புத் தொடர்பு கொண்ட செல்களிலும் பிறகு மனித டாவ் தென்பட்டது.

ஆகவே பாதை, நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அதே பாதை. இரண்டு செல்கள் சந்திக்கும் மெல்லிய இடைவெளியைத் தாண்டி டாவ் போகிறது. செல் சுறுசுறுப்பாக இயங்கும்போது வெளிவிடும் டாவும் கூடுகிறது. அதனால்தான் ஒட்டியிருந்தும் தொடர்பில்லாத இடத்தை விட, தூரத்தில் இருந்தாலும் இணைப்புள்ள இடம் முதலில் பாதிக்கப்படலாம். எண்டோரைனல் பகுதிக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் உள்ள இணைப்பு மிக அடர்த்தியானது. புது நினைவு முதலில் போவதன் காரணம் இப்போது நமக்குப் புரிகிறது.

அப்படியானால் இடைவெளியிலேயே டாவை மறித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அந்த நோக்கத்தில் உருவாக்கிய நோயெதிர்ப்பு மருந்துகள் சில, மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் நோயைத் தடுக்கவில்லை. டாவின் பெரும்பங்கு செல்லுக்குள்ளேயே இருப்பது ஒரு தடை. அது பல இடங்களில் வேர்விட்ட பிறகு, பயணத்தை விட அங்கங்கே பெருகுவதே நோயின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் செல் தயாரிக்கும் டாவின் அளவையே குறைக்கும் மருந்துகளை இப்போது சோதிக்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. கூடவே இருப்பதாலும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் இந்த நோய் ஒட்டாது. நோயாளியை விலக்கி வைக்க ஒரு காரணமும் இல்லை. இன்னொன்று, முதல் துணுக்குகள் தோன்றுவதற்கும் மறதி வெளியே தெரிவதற்கும் நடுவே பல ஆண்டுகள் கழிகின்றன. டாவின் சுவட்டை உயிரோடு இருக்கும்போதே காட்டும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இப்போது வந்துவிட்டன. அந்த இடைப்பட்ட ஆண்டுகளுக்குள் சிகிச்சையைத் தொடங்க முடிந்தால், பரவலை அது சிறிதாக இருக்கும்போதே எதிர்கொள்ளலாம்.