இசக்கி: நெல்லை மக்கட்பெயர் ஒன்றின் தோற்றமும் பொருளும் பரவலும்

ஆய்வுச்சுருக்கம்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் மிகுதியாக வழங்கும் மக்கட்பெயர்களுள் ஒன்று இசக்கி. இப்பெயரின் வடிவ வரலாற்றையும் பெயரிடுவோர் அதற்குத் தரும் பொருளையும் வேறுபடுத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். பிள்ளைகளைக் கொல்லும் தெய்வமாக அஞ்சப்படுபவளின் பெயரைப் பிள்ளைகளுக்கே சூட்டும் வழக்கம் எவ்வாறு பொருள்படுகிறது என்பதே இதன் மைய வினா.

முன்னுரை

தமிழர் பெயர்முறையில் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே தலைப்பெழுத்தாக முன்நிற்கிறது. ஆயினும் ஒருவரின் ஊரையும் வழிபாட்டு மரபையும் உணர்த்தும் பணியைச் சில தெய்வப் பெயர்கள் செய்துவருகின்றன. சுடலைமுத்து, பேச்சிமுத்து, சங்கிலிபூதத்தான், சொரிமுத்து ஆகியவை அத்தகையன. இவ்வரிசையில் இசக்கி தனித்துக் கருதத்தக்கது. இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி, இசக்கியம்மாள் என இருபாலாருக்கும் இது வழங்குகிறது. ஒட்டின்றி ‘இசக்கி’ என்றே அழைக்கப்படும் ஆண்களும் பெண்களும் உளர்.

சொல்லின் வடிவ வரலாறு

இசக்கி என்பதன் முந்தைய வடிவம் இயக்கி. இது யக்ஷி என்னும் வடசொல்லின் தமிழாக்கம். இம்மாற்றத்தில் இரண்டு விதிகள் செயற்பட்டுள்ளன. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிமுதலாகும் என்பது தொல்காப்பியர் கொள்கை. யகரத்தை முதலாகக் கொண்ட வடசொல் தமிழில் வருங்கால் அதன்முன் இகரம் தோன்றும் என்பதை நன்னூல் விதியாக்குகிறது. சொல்லின் இடையில் நிற்கும் ‘க்ஷ’ ககர இரட்டையாதல் மற்றொன்று. லக்ஷணம் என்பது இலக்கணம் என்றானபோது முன்னே இகரம் பெற்றதும் இடையே ககரம் இரட்டித்ததும் இதற்கு நேரான சான்றாகும்.

இயக்கி இசக்கியானது பேச்சுவழக்கின் விளைவு. உயிர் > உசிர், உயரம் > உசரம், மயிர் > மசிர், குயவன் > குசவன் என்று சொல்லிடை யகரம் சகரமாவது தமிழில் பரவலாகக் காணப்படும் மாற்றம். பெயர்ப் பதிவுகளில் இப்பேச்சு வடிவமே நிலைபெற்றது. கோயில் வழக்கில் சில இடங்களில் இயக்கியம்மன் என்னும் பழைய வடிவமும் எஞ்சியுள்ளது.

‘இயக்கு’ என்னும் வினையடியிலிருந்து ‘உலகை இயக்குபவள்’ எனப் பொருள்கொள்வாரும் உளர். சொல்லமைப்பு அதற்கு இடந்தருகிறது. ஆனால் தமிழ்ச் சான்றுகள் வேறு திசை காட்டுகின்றன. மதுரைப் புறஞ்சேரியில் மாதரி இயக்கிக்குப் பால் படைத்துத் திரும்பும்போது கண்ணகியையும் கவுந்தியடிகளையும் காண்பதாகச் சிலப்பதிகாரம் அமைக்கிறது. சமணத் தீர்த்தங்கரர்களின் காவல் தெய்வங்களாக இயக்கியர் வணங்கப்பட்டமைக்குக் கழுகுமலைச் சிற்பங்களும் சிதறால் மலைச் சிற்பங்களும் சான்று. இயக்கன் என்னும் ஆண்பெயர் புறநானூற்றின் 71ஆம் பாடலில் பூதப்பாண்டியனின் நண்பர் வரிசையில் இடம்பெறுகிறது. எனவே ‘இயக்குபவள்’ என்பதைச் சொற்பிறப்பாகக் கொள்வதைவிட, வழிபடுவோர் பின்னர் ஏற்றிய பொருளாகக் கொள்வதே பொருந்தும்.

இவற்றைக் கொண்டு இசக்கி வழிபாடு முழுவதும் சமண எச்சம் என்று முடிவுசெய்தல் மிகையாகும். சொல் வந்த வழி ஒன்றாகவும், அச்சொல்லில் குடியேறிய தெய்வம் வேறாகவும் இருத்தல் கூடும்.

பெயரின் பொருள்

இசக்கியின் திருவுருவம் பல கோயில்களில் ஒரு பிள்ளையை இடுப்பில் ஏந்தியும் மற்றொரு பிள்ளையை வாயில் கவ்வியும் அமைந்திருக்கும். அவளோடு இணைத்துச் சொல்லப்படும் நீலி கதையில், கணவனால் கொல்லப்பட்ட பெண் கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக ஏந்தி வந்து பழிதீர்க்கிறாள். அவளுக்குப் பிணையாக நின்ற பழையனூர் வேளாளர் எழுபதின்மர் சொல் தவறாது தீப்பாய்கின்றனர். தென்மாவட்டங்களில் இக்கதை வில்லுப்பாட்டு வழியே ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலோடு பிணைந்து புதுவடிவம் பெற்றது. கருவுற்ற பெண்களும் பச்சிளங்குழந்தைகளும் அவள் பார்வைக்கு அஞ்சவேண்டும் என்பது ஊரார் நம்பிக்கை.

அதே இசக்கியிடமே பிள்ளைவரம் வேண்டப்படுகிறது. வேண்டுவோர் தொட்டில் கட்டுகின்றனர். மண்ணால் செய்த பிள்ளை உருவம் செலுத்துகின்றனர். பிறக்கும் பிள்ளைக்கு அவள் பெயரிடுவதாக நேர்ந்துகொள்கின்றனர். இந்நேர்ச்சையில்தான் பெயரின் பொருள் வெளிப்படுகிறது. பெயரிடுதல் உரிமை மாற்றமாகிறது. பிள்ளை இசக்கியினது என்று அறிவிக்கப்படுகிறது. தனக்குரியதைத் தாய் அழிக்கமாட்டாள். பிச்சை, குப்பை முதலிய பெயர்கள் பிள்ளையை மதிப்பற்றதாகக் காட்டிச் சாவின் கண்ணிலிருந்து மறைக்கின்றன. இசக்கி என்னும் பெயரோ பிள்ளையை அச்சத்தின் மூலத்திடமே ஒப்படைத்துக் காக்கிறது.

ஒப்பீடு

இத்தகைய மாற்றம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இராசகிருகத்துப் பிள்ளைகளைத் தின்ற யக்ஷியான ஹாரிதி, புத்தர் அவளுடைய கடைக்குட்டியை ஒளித்துவைத்ததால் பிள்ளையிழந்த தாயரின் துயரை உணர்ந்து, பிள்ளைகளின் காவலானாள் என்பது பௌத்தக் கதை. ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் வாழும் இக்போ மக்களிடம், அடுத்தடுத்துப் பிள்ளைகளை இழந்தோர் சாவை நோக்கிப் பேசும் பெயர்களை இடும் வழக்கம் உண்டு. ஒன்வுபிகோ என்பதற்குச் ‘சாவே, உன்னை வேண்டுகிறேன்’ என்றும், ஓசோஎமேனா என்பதற்கு ‘இனி இவ்வாறு நிகழாதிருக்கட்டும்’ என்றும் பொருள். இத்தகைய பெயர்கள் பின்னர் குடும்பப்பெயர்களாகவும் நிலைத்தன. இக்போப் பெயர் வேண்டுகோளை வாக்கியமாகவே உரைக்கிறது. இசக்கி அவ்வேண்டுகோளை ஒற்றைச் சொல்லில் அடக்குகிறது.

பரவலும் மாஞ்சோலையும்

இப்பெயர் நிலைத்தமைக்கு இரு காரணங்கள் உள. இசக்கி பல சமூகத்தாராலும் வணங்கப்படும் தெய்வம் என்பது முதலாவது. பாட்டன் பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் முறை இரண்டாவது. ‘பேரன்’ என்னும் சொல்லே ‘பெயரன்’ என்பதன் திரிபன்றோ? இவ்வழியில் ஒருமுறை நேர்ந்த பெயர், நேர்ச்சை மறந்த பின்னும் தலைமுறை தாண்டி வருகிறது.

இவ்வாறு நீடிக்கும் பெயர், இடம்பெயர்ந்தோரிடையே பெறும் மதிப்பை மாஞ்சோலை உணர்த்துகிறது. சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய இம்மலைக்காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றுத் தோட்டம் அமைத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய பகுதிகளில் தொழிலாளர் லைன் வீடுகளில் வாழ்ந்தனர். அவர்களுள் நெல்லைச் சமவெளியின் ஊர்களிலிருந்து மலையேறியோர் பலர். குடியிருந்த வீடும் உழைத்த நிலமும் தோட்டத்துக்கு உரியன. தொழிலாளருக்கு உரியன அல்ல. 2024இல் தோட்டப்பணி நின்றபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்கும் நிலை ஏற்பட்டது.

பட்டா இல்லாத இத்தகைய வாழ்வில் பெயர் ஓர் ஆவணமாகிறது. குலதெய்வம் இருக்கும் ஊரே பூர்வீக ஊர் என்பது நெல்லை வழக்கு. ஆகவே ஒரு குடும்பத்தில் மீண்டும் மீண்டும் வரும் இசக்கி என்னும் பெயர், ‘எந்த ஊர் இசக்கி?’ என்னும் வினாவை எழுப்பி, மலையேறிய முன்னோரின் கோயிலையும் ஊரையும் தேடும் வழியைத் திறக்கிறது. பெயர் ஒன்றே ஊரை மெய்ப்பித்துவிடாது. வாய்மொழி வரலாற்றைச் சேகரிப்போர்க்கு அது தொடக்கப் புள்ளியாகும்.

இப்பெயர் இன்று புதிய பிள்ளைகளுக்கு முதற்பெயராக இடப்படுவது அருகி வருகிறது. நேர்ச்சைப் பெயர் வீட்டிலும் கோயிலிலும் சொல்லப்பட, பள்ளியில் வேறு பெயர் பதிவாகும் குடும்பங்கள் உள. தந்தை பெயர் இசக்கிமுத்து எனின் தெய்வம் ‘இ.’ என்னும் ஓரெழுத்தில் ஒடுங்குகிறது. அயல்நாடு செல்வோரின் கடவுச்சீட்டில் அதே தந்தை பெயர் குடும்பப்பெயர் இடத்தில் விரித்தெழுதப்படும்போது, ஊரில் சுருங்கிய பெயர் வெளியே முழு உருவம் பெறுகிறது.

முடிவுரை

இசக்கியின் வடிவம் யக்ஷியிலிருந்து வந்தது. அதன் பொருளோ பேறுகால அச்சத்திலிருந்து வந்தது. அகராதிப் பொருளை மட்டும் கொண்டால் இப்பெயர் ஒரு கடன்சொல் என்பதோடு ஆய்வு நின்றுவிடும். பெயரிட்ட தாயின் நேர்ச்சையையும் சேர்த்துக் கொண்டால், பிள்ளை பிழைக்கவேண்டும் என்னும் மன்றாட்டை அதில் கேட்கலாம். மக்கட்பெயராய்வு ஒவ்வொரு பெயரோடும் ‘யார் நேர்ந்து இட்டது, எந்தக் கோயிலில்?’ என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். மாஞ்சோலை போன்ற குடியிருப்புகளின் மக்கள் சிதறும் இக்காலத்தில், அவ்விடை தெரிந்த பாட்டியர் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்படவேண்டும்.