பகையும் பரிச்சயமும் – 7: மேல்மடையும் கடைமடையும்

சென்ற இதழில் ஓஸ்லோ உடன்படிக்கையின் வரலாற்றைப் பார்த்தோம். 1993 செப்டம்பர் 13-ஆம் தேதி வெள்ளை மாளிகையின் புல்வெளியில் இஸ்ரேலின் ராபினும் பாலஸ்தீனத்தின் அராபத்தும் கைகுலுக்கிக்கொண்டபோது, எருசலேம் யாருக்கு, அகதிகளின் கதி என்ன, எல்லைக்கோடு எங்கே, குடியேற்றங்கள் என்னவாகும் என்ற கடினமான கேள்விகளெல்லாம் பின்னொரு நாளைக்கென்று ஒத்திவைக்கப்பட்டன. அப்படி ஒத்திவைத்த இடைவெளியில் ஒரு தரப்பார் ஆக்கிரமித்த நிலத்தில் வீடுகளை எழுப்பிக்கொண்டே போனதையும், மறுதரப்பிலிருந்து வந்தவர்கள் பஸ்களிலும் கடைவீதிகளிலும் குண்டு வெடிக்கச் செய்ததையும், ஹெப்ரோனில் தொழுகையில் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும், ராபினையே அவருடைய நாட்டவன் ஒருவன் சுட்டு வீழ்த்தியதையும் கண்டோம். ஐந்து வருஷத்துக்கென்று செய்த இடைக்கால ஏற்பாடு முப்பது வருஷங்களைக் கடந்தும் இடைக்காலமாகவே நிற்கிறது.

இந்த வாரம் மேற்காசியாவிலிருந்து பாபநாசத்துக்கு வருகிறேன். குடமுருட்டியும் திருமலைராஜனும் நீர் தரும் ஊர் இது. திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அதை நிரப்பிய நெல் எந்த நீரில் விளைந்ததோ அந்த நீரைப் பற்றித்தான் நமக்கும் கன்னட நாட்டாருக்கும் நூறு வருஷத்துக்கு மேலாக விவாதம் நடக்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். பாலஸ்தீனத்தில் ஒரு ஜனசமூகம் மற்றொன்றின் ராணுவ ஆதிக்கத்தின் கீழ் வாழ்கிறது. இங்கே இரண்டு மாநிலங்களும் ஒரே அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்பட்டு, ஒரே பார்லிமெண்டில் அமர்ந்து, ஒரே சுப்ரீம் கோர்ட்டில் முறையிடுகின்றன. அங்கே சிந்திய, இன்னும் சிந்துகிற இரத்தத்துக்கு இங்குள்ள எதையும் இணையாக வைக்க முடியாது. ஆயினும் அவநம்பிக்கை எவ்விதம் பிறக்கிறது, பிறந்தபின் எதைத் தின்று வளர்கிறது, சமாதான முயற்சிகள் ஏன் பாதிவழியில் நின்றுபோகின்றன என்ற அளவில், ஜோர்டான் நதிக்கரையைப் புரிந்துகொள்ளக் காவிரிக்கரை நமக்கு உதவும். காவிரிக்கரையைப் புரிந்துகொள்ள ஜோர்டான் நதியும் உதவும்.

மனஸ்தாபத்தின் வேர் 1892-இல் இருக்கிறது. அவ்வருஷத்து ஒப்பந்தப்படி, வரையறுத்த ஆறுகளில் மைசூர் சமஸ்தானம் புதிய பாசன வேலை எதையும் சென்னை ராஜதானியின் முன்சம்மதம் பெறாமல் தொடங்கலாகாது. சென்னையை ஆண்டது பிரிட்டிஷ் சர்க்கார். மைசூரோ அந்தச் சர்க்காரின் மேலாண்மைக்கு உட்பட்ட சமஸ்தானம். பலவான் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் பலவீனன் கையெழுத்திட்டான் என்ற கசப்பு மைசூர்க்காரர் உள்ளத்தில் அன்று படிந்தது. மாண்டியா ஜில்லாவில் அது இன்றும் வாய்வழியாக வழங்கி வருகிறது. 1924 பிப்ரவரி 18-இல் எழுதிய இரண்டாவது ஒப்பந்தத்தின் பேரில்தான் அங்கே கிருஷ்ணராஜ சாகரம் 44.8 டி.எம்.சி. கொள்ளளவுக்கு இசைவு பெற்றது, இங்கே 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. அதன் சில ஷரத்துகளை ஐம்பது வருஷம் கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று எழுதிவைத்திருந்தார்கள். 1974 பிறந்தவுடன் ஒப்பந்தமே காலாவதியாகிவிட்டது என்றது கர்நாடகம். மறுபரிசீலனை வேறு, ரத்து வேறு என்றது தமிழ்நாடு.

இதற்கிடையில், அதாவது மந்திரிகள் டெல்லியில் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஹாரங்கியும் ஹேமாவதியும் கபினியும் தேக்கப்பட்டன. மத்திய சர்க்காரின் அங்கீகாரத்துக்குக் காத்திராமல் கர்நாடகம் தன் சொந்தப் பணத்தைச் செலவிட்டு அந்த அணைகளை எழுப்பியது. நம் பக்கத்திலும் பாசனப் பரப்பு பெருகியது. குறுகிய காலத்தில் விளையும் நெல் ரகங்கள் வந்தபின், முன்பு ஒருபோகம் சம்பா மட்டும் கண்ட வயல்களில் குறுவையும் தாளடியும் நட்டோம். அவர்கள் கட்டிய அணை நம் கண்ணுக்கு அத்துமீறலாகத் தெரிந்தது. நாம் நட்ட குறுவை அவர்கள் கண்ணுக்கு அத்துமீறலாகத் தெரிந்தது. 1976-இல் ஓர் உடன்பாட்டு வரைவு உருவாகிப் பார்லிமெண்டில் அறிவிக்கவும் பெற்றது. அதற்கு இரு ராஜ்யங்களும் கையொப்பம் இடவில்லை.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர்கள் டெல்டா விவசாயிகள். 1983-இல் மன்னார்குடி எஸ். ரங்கநாதன் முன்னின்று நடத்திய விவசாயிகள் சங்கம் சுப்ரீம் கோர்ட்டின் படியேறியது. ஏழு வருஷங்களுக்குப் பின், 1990 மே மாதத்தில், நடுவர் மன்றம் அமைக்கும்படி கோர்ட் உத்தரவிட்டது. மன்றம் 1991 ஜூன் 25-ஆம் தேதி பிறப்பித்த இடைக்கால ஆணை, வருஷத்துக்கு 205 டி.எம்.சி. மேட்டூருக்கு வரும்படி செய்ய வேண்டும் என்றது. அவ்வருஷம் டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியானபோது, பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. பல தலைமுறைகளாக அங்கே கூலி வேலை செய்து பிழைத்த ஏழை ஜனங்கள் ஆயிரக்கணக்கில், கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். அவர்களில் அநேகருக்கு ஒரு குழி நஞ்சைகூட இருந்ததில்லை. தண்ணீரால் ஒரு லாபமும் பெறாதவன் தண்ணீருக்காக அடிபட்டான் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது. 2002-லும் 2016-லும் 2023-லும் மழை பொய்த்த போதெல்லாம் பந்த்களும் ஊர்வலங்களும் திரும்பி வந்தன. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் பெங்களூரில் வரிசையாக நின்ற இடத்திலேயே எரிந்தன.

பாபநாசத்துக் கடைத்தெருவில் ஆடி மாதத்தில் நின்று கேட்டால், அணையை நிரப்பி வைத்துக்கொண்டு மேலே உள்ளவன் பொய்க் கணக்குச் சொல்கிறான் என்பார்கள். மாண்டியாவில் கேட்டால், தஞ்சாவூர்க்காரனுக்கு நிலத்தடியிலும் நீர், ஐப்பசி கார்த்திகையில் வானத்திலும் நீர், அப்படியிருந்தும் மூன்று போகத்துக்கு ஆசைப்படுகிறான் என்பார்கள். இரண்டிலும் ஓர் உண்மைத் துளி இருப்பதுதான் சங்கடம். பாபநாசம், கும்பகோணம் வட்டாரங்களில் பம்ப்செட் வைத்துக் குறுவை நட்டவர்கள் உண்டு. ஆனால் தலைஞாயிறிலும் வேதாரண்யத்திலும் நிலத்தடி நீர் உப்பு, ஆற்று நீர் எட்டாவிட்டால் அங்கே பயிரே இல்லை. வடகிழக்குப் பருவமழை வருவது மெய். ஆனால் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கும் என்று நம்பி நாற்று விடுகிறவனுக்கு, குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை தவிர வேறு கதி கிடையாது. அவ்வாறே, கிருஷ்ணராஜ சாகரம் நிரம்பினால் மாண்டியா ஜில்லா முழுவதும் செழிக்கும் என்று நாம் எண்ணுகிறோம். விசுவேசுவரய்யா கால்வாயின் கடைசியில் கிடக்கும் மத்தூர், மளவள்ளி தாலுகாக்களின் விவசாயி தலைமடைக்காரன்மேல் சொல்லும் புகாரோ, நம் வேதாரண்யத்து விவசாயி சொல்லும் புகாரேதான். கடைமடைக்காரன் இரண்டு நாட்டிலும் இருக்கிறான். அந்த இருவரும் முகம் பார்த்ததில்லை.

பார்க்கும்படி செய்த முயற்சி ஒன்று நடந்தது. 2002-ஆம் வருஷத்துக் கொந்தளிப்பு அடங்காத நிலையில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் இரு ராஜ்யத்து விவசாயிகளையும் 2003 ஏப்ரலில் சென்னையில் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார். இருபது வருஷத்துக்கு முன் வழக்குத் தொடுக்க முன்னின்ற ரங்கநாதன் இங்கிருந்து சென்றார். கர்நாடக ராஜ்ய ரயத சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான கே.எஸ். புட்டண்ணையா அங்கிருந்து வந்தார். கோர்ட்டில் எதிரெதிரே நின்ற பக்கங்களின் மனிதர்கள் அவர்கள். தத்தம் ஊரில் துரோகி என்ற பட்டம் கிடைக்கக்கூடும் என்று தெரிந்தே வந்தார்கள், அந்தத் தைரியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அடுத்த கூட்டம் பெங்களூரில் நடந்தது. ‘காவிரிக் குடும்பம்’ என்று அந்த அமைப்புக்குப் பெயரிட்டார்கள்.

கூட்டங்களைவிட மேலான பலனைத் தந்தவை, அவர்கள் ஒருவர் நிலத்துக்கு ஒருவர் போய்ப் பார்த்த யாத்திரைகள். மழை தொடர்ந்து பொய்த்த அந்த ஆண்டுகளில், மாண்டியா விவசாயிகள் டெல்டாவுக்கு வந்து, நீரற்ற வாய்க்கால்களையும் வெடித்துக் கிடந்த வயல்களையும் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். இங்கிருந்து போனவர்கள் அங்கே வற்றிய நீர்த்தேக்கங்களையும் காய்ந்த கரும்பையும் பார்த்தார்கள். மந்திரியின் அறிக்கையிலோ வக்கீலின் வாதத்திலோ வந்தால் நம்ப மறுக்கும் ஒரு செய்தியை, மண்ணை மிதித்துப் பார்த்த விவசாயி மறுக்கவில்லை. எதிரியின் கஷ்டம் மெய்யென்று அறிந்துகொள்வதைவிடப் பெரிய ஆதாயம் எந்தச் சமாதான முயற்சிக்கும் தொடக்கத்தில் கிட்டாது.

ஆயினும் முயற்சி நின்றுபோயிற்று. பற்றாக்குறை வருஷத்தில் எப்படிப் பகிர்வது என்பதற்கு இரு அரசுகளையும் ஒப்புக்கொள்ளச் செய்யக்கூடிய ஒரு சூத்திரத்தை அந்தக் குடும்பத்தால் எட்ட முடியவில்லை. எட்டியிருந்தாலும் அதை ஏற்று நடத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. தேர்தல் மேடையில் விட்டுக்கொடுக்காதவன் என்று பெயரெடுப்பது லாபமாக இருக்கும்வரை, எந்தக் கட்சியும் விவசாயிகள் போட்ட பாதையில் நடக்கப் போவதில்லை. 2007-இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது, 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என்று வகுத்தது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டும், பெங்களூரின் குடிநீருக்குக் கூடுதலாக ஒதுக்கியும், கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. உயர்த்தியது, எல்லையில் அளவெடுக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நமக்கு வரவேண்டியது 192-லிருந்து 177.25 ஆகக் குறைந்தது. அந்தக் குடிநீரைப் பருகுவோரில் பெங்களூர்த் தமிழர்கள் லட்சக்கணக்கில் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. நல்ல வருஷத்துக்கு இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வகுத்த தீர்ப்புகள், மழை குறைந்த வருஷத்துக்கு விகிதாசாரப்படி குறைத்துக்கொள்க என்ற பொது விதியோடு நின்றன. எந்த மாதத்தில், எந்த அணையில், எந்தப் பயிரைக் கழித்து என்ற கேள்வி எஞ்சிவிட்டது. ஓஸ்லோவில் ஒத்திவைத்த கேள்விகளைப் போலவே, சண்டை மூளும் இடமும் அதுதான்.

நீர் விஷயத்தில் மேற்காசியா நமக்கு இருவிதமான சாட்சியமும் தருகிறது. 1995-ஆம் வருஷத்து இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சமமாக அமரும் கூட்டு நீர்க்குழுவை நியமித்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் இருதரப்புச் சம்மதம் வேண்டும் என்ற விதியால், பாலஸ்தீனக் கிராமத்துக்குக் கிணறு வேண்டுமானால் குடியேற்றத்துக்குக் குழாய் போக ஒப்புக்கொள் என்ற பேரம் நுழைந்தது. 2010-லிருந்து பல வருஷங்கள் அந்தக் குழு கூடவேயில்லை. பலத்தில் சமமில்லாதவர்களுக்குச் சம ஆசனம் போட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. ஆனால் அதே பிரதேசத்தில், இஸ்ரேலுக்கும் ஜோர்டான் ராஜ்யத்துக்கும் யுத்த நிலை நீடித்த காலத்திலேயே, இரு நாட்டு எஞ்சினியர்கள் யார்முக் ஆறு ஜோர்டான் நதியில் கலக்கும் இடத்துக்கருகே ரகசியமாகச் சந்தித்து நீர் அளவுகளை ஒத்துப்பார்த்துவந்தார்கள். 1994 அக்டோபரில் அவ்விரு நாடுகளும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டபோது, அதன் நீர்ப் பகுதிக்கு இந்தப் பழைய பரிச்சயம் பெரிதும் உதவியது.

இங்கே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளவெடுக்கிறது. 2018 ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையம் கூடுகிறது. அதன் ஒழுங்காற்றுக் குழு அவ்வப்போது திறக்கவேண்டிய கன அடியைச் சொல்கிறது. அந்த ஆணையத்தில் அதிகாரிகளும் நிபுணர்களும் உண்டு. பயிரிடுகிறவனுக்கு ஆசனம் கிடையாது. மேகதாதுவில் 67 டி.எம்.சி. தேக்கும் திட்டத்தைக் கர்நாடகம் முன்வைத்திருக்கும் இந்த வேளையில், அந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தைக்கிறது. பேச வேண்டிய காலத்தையும் நாம் தவறவிடுகிறோம். 2018 ஆகஸ்டில் காவிரி கரைபுரண்டு, முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோதும், 2022-லும் 2024-லும் மேட்டூர் நிரம்பி உபரி நீர் கடலுக்குப் போனபோதும், அடுத்த வறட்சிக்கான பங்கீட்டை எழுதிவைக்க இரு ராஜ்யமும் உட்காரவில்லை. அணைகள் நிறைந்திருந்த அந்த மாதங்களில் ஒருவரும் மற்றவரைப் பொய்யன் என்று சொல்ல நேர்ந்திராது. நிரம்பிய வருஷம் ஒன்றின் ஐப்பசியில், மத்தூரிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் விவசாயிகளைத் தேர்ந்து, இரு பக்கத்து அணைக் கணக்கையும் நடவுப் பரப்பையும் அவர்களே சேர்ந்து பார்வையிட்டுக் கையெழுத்திடும்படி ஆணையம் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தக் கணக்கின் மேல்தான் பற்றாக்குறைப் பங்கீடு எழுதப்பட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டுமா, ஆணையத்தின் விதிகளுக்குள்ளேயே இடமுண்டா என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)